திண்ணைக்குத் திரும்பிய பள்ளி

பழைய வருகைப் பதிவேடுகளை எவரும் விரும்பிப் படிப்பதில்லை. ஆய்வுக்கு வரும் கல்வி அலுவலர் கேட்டால் எடுத்துத் தூசி தட்டிக் காட்டுவர். பின்னர் அவை மீண்டும் அலமாரிக்குள் சென்று அடங்கிவிடும். முன்னர் நாம் பங்குத்தந்தையாகப் பணியாற்றிய கடலோரச் சிற்றூர் ஒன்றுக்கு, திருவிழா மறையுரை ஆற்ற அண்மையில் சென்றிருந்தோம். பங்கின் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையாகிய அருட்சகோதரி, பணி ஓய்வு நெருங்கிவிட்டபடியால் அலமாரிகளை ஒழுங்குபடுத்திக் கொண்டிருந்தார். "ஃபாதர், இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று ஒரு பதிவேட்டை நம் கையில் தந்தார்.

ஆறாம் வகுப்பு; கல்வியாண்டு 2019–2020. மார்ச்சு 16, திங்கட்கிழமை வரை ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் நீல மையில் குறிகள். மறுநாள் முதல் வெறும் கட்டங்கள். 'விடுமுறை' என்றுகூட எழுதப்படவில்லை. இரண்டு வாரத்தில் எல்லாரும் திரும்பிவிடுவர், அப்போது நிரப்பிக் கொள்ளலாம் என்று வகுப்பாசிரியை விட்டு வைத்திருக்க வேண்டும். அப்பிள்ளைகள் மீண்டும் அப்பள்ளியின் வாயிற்படியை மிதித்தது 2021 நவம்பர் முதல் நாளன்று. இடையில் கழிந்தவை 594 நாள்கள்.

நம் பள்ளிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அடிக்கல் நாட்டிய ஆண்டு, அர்ச்சித்த ஆயர், வெள்ளி விழா, தேர்ச்சி விழுக்காடு என்று எழுதிப் பழகிவிட்டனர். விழா மலர்கள் பலவற்றில் நாமும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். பூட்டிக் கிடந்த பள்ளிக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது அன்று அவ்வெற்றுக் கட்டங்களைக் கண்டபோதுதான் உறைத்தது. அதை எழுதப் புகுந்தால் 2020இல் தொடங்க முடியாது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் முத்துக்குளித்துறையில் நம் கல்வி பள்ளிக்கூடத்தில் பிறக்கவில்லை, வீட்டில் பிறந்தது.

1542ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புனித பிரான்சிஸ் சவேரியார் இக்கடற்கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அடிப்படைச் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஏந்தி ஊரைச் சுற்றி ஒலித்துச் சிறுவரையும் பெரியவரையும் கூட்டி, நாளுக்கு இருமுறை கற்பித்தார். இவையெல்லாம் நாம் சிறுவயது முதல் கேட்டு வந்தவை. 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய மடலில் அவர் கூறும் இன்னொரு செய்தியை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கற்ற சிறுவர்கள் தத்தம் வீட்டுக்குச் சென்று தாய்தந்தையருக்கும் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த ஏற்பாடு. நோயுற்றோர் இல்லங்களுக்குத் தாமே செல்ல இயலாத அளவு வேலை பெருகியபோது, அங்கும் சிறுவரையே அனுப்பினார். அவர்கள் வீட்டாரைக் கூட்டி, நோயாளியின் அருகில் நின்று செபம் சொன்னார்கள்.

பள்ளியில்லை, பலகையில்லை, ஊதியம் பெறும் ஆசிரியர் இல்லை. பத்து வயதுப் பிள்ளையே ஆசிரியன்; அடுப்படியே வகுப்பறை. அம்மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன என்பதும், தமிழை ஆழக் கற்ற ஹென்ரீக்கே ஹென்ரீக்கஸ் அடிகளார் பின்னர் அவற்றைத் திருத்த நேர்ந்தது என்பதும் நாம் அறிந்தவையே. ஆகவே பிழையுள்ள பாடத்தைத்தான் அச்சிறுவர்கள் வீடுவீடாகக் கொண்டு சென்றார்கள். பிழையைத் திருத்தப் பின்னால் ஒருவர் வந்தார். திருத்துவதற்கு ஏதேனும் இருந்தது என்பதே முதன்மையான செய்தி. அதே ஹென்ரீக்கஸ் அடிகளார் 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சிட்ட பதினாறு பக்கச் சிறு நூலாகிய 'தம்பிரான் வணக்கம்', இந்திய மொழியொன்றின் எழுத்துகளில் இம்மண்ணில் அச்சேறிய முதல் நூல் எனப் போற்றப்படுகிறது. அச்சுப்பணிக்குப் பொருள் கொடுத்து உதவியவர்கள் இக்கடற்கரைப் பரதவ மக்கள். தங்கள் வீட்டுக்குள் எழுத்து வர வேண்டும் என்பதற்காக முத்துக் குளித்த பணத்தைக் கொடுத்த முன்னோரின் பேரப்பிள்ளைகள் நாம்.

1773இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டபின் மதுரை மறைப்பணித்தளத்தில் குருக்கள் அருகிப் போயினர். 1830களின் இறுதியில் புதிய மதுரை மிஷன் தொடங்கும் வரை, பல ஊர்களில் குருவின் முகத்தைக் காண்பதே அரிதாயிருந்த காலத்தில், நம்பிக்கை வாழ்வைக் காத்தவர்கள் உபதேசியார்களும் வீட்டுப் பெரியவர்களுமே. புதிதாக வந்த பிரெஞ்சுக் குருக்களில் பலர் சில ஆண்டுகளிலேயே காலராவுக்கு இரையாகி இளவயதில் மாண்டனர். கொள்ளைநோய் நம் வரலாற்றுக்குப் புதிய விருந்தாளி அன்று.

இனி, திண்ணைப் பள்ளியைப் பற்றி ஒரு சொல். அது நமக்கு மட்டும் உரியதன்று, தமிழ்நாட்டுக்கே பொது. சிறுவர் மணலில் விரலால் எழுதிக் கற்றனர். முன்னேறிய மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்தான். 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர், இம்முறையைக் கண்டு வியந்து தம் இல்லத்தில் புகுத்தினார். தாயகம் திரும்பி 1797இல் அதைப்பற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. நம் திண்ணையில் இருந்ததை உலகம் கற்றுக்கொண்டு போயிற்று; நாமோ திண்ணைகளை இடித்துவிட்டு இரும்புக் கம்பிக் கதவு போட்டுவிட்டோம்.

இவ்வளவும் சொன்னபின் வாசகர் ஒருவர், 'அப்படியாயின் வீட்டுக் கல்வியே மேல் என்கிறீரோ?' என்று கேட்கலாம். இல்லை. வீட்டைவிட்டு வெளியே வந்ததால்தான் நம் பிள்ளைகள் பலர் மனிதராயினர். 1844இல் புதுச்சேரியில் துய்ப்புயி அடிகளார் மரியாயின் தூய இருதயச் சபையைத் தொடங்கியபோது, இந்நாட்டுப் பெண்களே கன்னியராகிப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது என்பது ஊரார் ஏற்காத புதுமை. பெண்ணை வீட்டிலிருந்து பள்ளிக்குக் கொண்டு வந்ததே அக்காலத்து அருஞ்செயல். தண்ணீர்க் குடமும் தம்பி தங்கையும் இல்லாத ஆறு மணி நேரத்தை அவளுக்குப் பள்ளி கொடுத்தது. அதே நாகப்பட்டினத்துக் கரையில் அதே 1844இல் தொடங்கி, 1883இல் திருச்சிக்கு மாறிய தூய வளனார் கல்லூரியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஊர் பேர் தெரியாத கன்னியர் நடத்திய ஓலைக் கொட்டகைகளைப் பற்றி எழுதியவர் குறைவு. ஆகவே 2020இல் 'வீட்டுக்குத் திரும்புங்கள்' என்ற கட்டளை பிறந்தபோது, ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும், மாடி வீட்டுக்கும் ஒற்றை அறை வீட்டுக்கும் அது ஒரே பொருளைத் தரவில்லை.

நோய்க்காகப் பள்ளி மூடி வீட்டில் பாடம் நடத்துவது உலகுக்குப் புதிதுமன்று. 1937 செப்டம்பரில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பள்ளிகளைத் திறவாமல் வானொலியில் பாடம் நடத்தினார்கள். மூன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளின் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பதினைந்து பதினைந்து நிமிடமாகப் பாடங்கள் ஒலித்தன. பாட அட்டவணையை நாளிதழ்கள் வெளியிட்டன. ஐயம் கேட்பதற்கு ஆசிரியர்கள் தொலைபேசி அருகில் அமர்ந்திருந்தார்கள். மூன்று வாரம் முடியுமுன் பள்ளிகள் திறந்தன. அதற்குள்ளாகவே, வானொலி இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும், பாடம் வேகமாக ஓடினால் மெதுவாய்ப் படிக்கும் பிள்ளை என்ன செய்யும் என்ற வினாக்கள் எழுந்துவிட்டன. எண்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அவ்வினாக்களே நம் வாசலிலும் வந்து நின்றன. மூன்று வாரங்கள் மட்டும் மூன்று வாரங்களாக இருக்கவில்லை.

2020 தவக்காலம் எவருக்கும் மறக்காது. மார்ச்சு 24 இரவு நாடு முழுமைக்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. 27ஆம் நாள் மாலை, மழையில் நனைந்த தூய பேதுரு பெருங்கோயில் வளாகத்தில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நடந்து வந்து, புயலில் அகப்பட்ட படகைப் பற்றிய நற்செய்திப் பகுதியைத் தியானித்த காட்சியைக் கைப்பேசியில் கண்டோம். படகும் புயலும் எம் மக்களுக்கு உவமையல்ல, அன்றாடம். ஆனால் ஏப்ரல் 5 குருத்து ஞாயிறன்று பூட்டிய கோவிலுக்குள் பலியாற்றியபோது எமக்கு எதிரே இருந்தவை வெறும் தரையும் தூண்களுமே.

அரசுத் தேர்வுகள் தள்ளிப் போயின. ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுத வேண்டிய பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச்சிலிருந்து சூனுக்குத் தள்ளப்பட்டு, இறுதியில் சூன் 9 அன்று கைவிடப்பட்டது. உலகளவில் அவ்வாண்டு ஏப்ரலில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் கல்விக்கூடத்துக்கு வெளியே இருந்தனர் என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. இவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டால் மனம் மரத்துப் போகிறது. எம் ஆறாம் வகுப்புக்குத் திரும்புவோம்.

ஏப்ரல் முடிவதற்குள் சகோதரியும் ஆசிரியைகளும் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு அமைத்தார்கள். பாடத்தைப் பேசிப் பதிவு செய்து அனுப்பினார்கள். கரும்பலகையில் எழுதிப் படமெடுத்து அனுப்பினார்கள். பிள்ளைகள் எழுதியதைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். நாம் அகமகிழ்ந்தோம். 'நம் பள்ளியில் கல்வி தடையின்றித் தொடர்கிறது' என்று மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் பெருமிதத்தோடு ஒரு வரி சேர்த்தோம். அந்த வரியை எழுதிய கை இதே கைதான்.

சூலையில், அரசின் விலையில்லாப் பாடநூல்களையும், சத்துணவுக்கு ஈடாக வந்த அரிசி பருப்பையும் கொடுப்பதற்காகச் சகோதரி தெருத் தெருவாகச் சென்றார். திரும்பி வந்து எம்முன் அமர்ந்து, வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "ஃபாதர், நாம் பாதிப் பிள்ளைகளுக்குக்கூடப் பாடம் நடத்தவில்லை." வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அது தகப்பனோடு கடலுக்குப் போய்விடுகிறது. அவன் கரையேறி வரும்போது பிள்ளை உறங்கிவிடுகிறது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்தவனுக்கே முதலிடம். பெண்பிள்ளையின் முறை வருமுன் இணையக் கட்டணம் தீர்ந்துவிடுகிறது. அவ்வாண்டு மீன்பிடித் தடைக்காலம் 47 நாளாகக் குறைக்கப்பட்டது உண்மையே; ஆனால் பிடித்த மீனுக்கு வாங்குவோர் இல்லை. வயிற்றுக்கே வழி தேடுகிறவன், பிள்ளையின் பாடத்துக்காகக் கைப்பேசிக்குப் பணம் கட்டுவானா?

கல்வித் தொலைக்காட்சி இருந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய அந்த அரசு அலைவரிசை, 2020 கோடை கழிந்தபின் வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பிற்று. அதைக் குறைகூற நாம் விரும்பவில்லை. எத்தனையோ வீடுகளில் அது ஒன்றே ஆசிரியர். ஆயினும் பெட்டிக்குள் இருக்கும் ஆசிரியருக்கு எதிரில் இருக்கும் பிள்ளையின் முகம் தெரியாது. பின்ன எண்களில் ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தால், அவர் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்.

அப்போது சகோதரி ஒரு யோசனை சொன்னார். அன்பியத்துக்கு ஒரு திண்ணை, ஐந்தாறு பிள்ளைகள், பன்னிரண்டாம் வகுப்போ கல்லூரியோ படித்த ஓர் அக்காள். வாரம் ஒருமுறை பள்ளியிலிருந்து பயிற்சித் தாள் கொடுப்போம் என்றார். நாம் மறுத்துவிட்டோம். கூடக் கூடாது என்று அரசாணை இருக்கிறது. ஒரு பிள்ளைக்குத் தொற்று வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டோம். இன்றும் அக்கேள்வி தவறானது என்று எமக்குத் தோன்றவில்லை. வீட்டில் மூச்சுத் திணறிய முதியவர்களைக் கண்ட ஊரில் அச்சம் கோழைத்தனம் ஆகாது. எனினும் மறுப்பு சொன்ன அன்றிரவு எமக்கு நல்ல உறக்கம் வந்தது என்பதை எண்ணும்போதுதான் இப்போது உறுத்துகிறது.

ஆகஸ்டு மாதத்து மாலை ஒன்றில், நோயில்பூசுதல் வழங்குவதற்காகக் கடற்கரை ஓரத்துத் தெரு வழியாகச் சென்றோம். வலை உலர்த்தும் இடத்துக்கு அப்பால், பழைய வீடு ஒன்றின் திண்ணையில் எட்டுப் பிள்ளைகள் தள்ளித் தள்ளி அமர்ந்திருந்தார்கள். சேலைத் தலைப்பைக் கிழித்துத் தைத்த முகக்கவசம். கல்லூரி மூடியதால் ஊர் திரும்பிய ஒரு பெண் நடுவில் இருந்தாள். சிலேட்டு கிடைக்காத சிறியவர்கள் கீழே இறங்கி மணலில் விரலால் எழுதிக் கொண்டிருந்தார்கள். எம்மைக் கண்டதும் பேச்சு நின்றது. பிள்ளைகள் எழுந்தார்கள், இருவர் ஓடிவிட்டார்கள். அப்பெண்ணின் தாய் வெளியே வந்து, "சாமி, ஏசாதீங்க. சும்மாதான் உக்காந்திருக்குதுக" என்றார்.

படிக்கிற பிள்ளைகளுக்காக ஒரு தாய் தன் பங்குத்தந்தையிடம் மன்னிப்புக் கேட்டாள். குருமடத்தில் நாம் இறையியல் பயின்ற நாள்களில், பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்னும் 1965ஆம் ஆண்டுச் சங்க ஏட்டின் போதனையையும், குடும்பம் ஓர் இல்லத் திருச்சபை என்னும் கருத்தையும் தேர்வுக்குப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அந்தப் போதனை மணல் தெருவில் எம்முன் வந்து நின்றபோது அதற்கு எம்மைக் கண்டு நடுக்கம்.

மறுநாளே சகோதரியிடம் சென்று பேசினோம். பள்ளியில் இருந்த சிலேட்டுகள், சுண்ணக்கட்டிகள், நூலகத்துக் கதைப் புத்தகங்கள் வெளியே வந்தன. செப்டம்பர் முதல் நாள் வழிபாட்டிடங்களைத் திறக்க இசைவு கிடைத்தபின், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அன்பியப் பொறுப்பாளர்கள் பயிற்சித் தாள்களை வாங்கிப் போய், அடுத்த ஞாயிறு எழுதியவற்றைக் கொண்டு வந்தார்கள். திண்ணை பதினொன்றாயிற்று. கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ள மரியாயின் சேனைப் பெண்கள் முறைவைத்து நின்றார்கள். சொல்லிக் கொடுத்தவற்றில் பிழைகள் இருந்தன. ஓர் அக்காள் ஒரு திண்ணை முழுவதற்கும் வகுத்தலைத் தலைகீழாகக் கற்பித்துவிட்டாள் என்று சகோதரி சிரித்தார். சவேரியாரின் சிறுவர்களை நாம் நினைத்துக் கொண்டோம்.

மறைக்கல்வியிலும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. முதல் நன்மைக்கு ஆயத்தமாக வேண்டிய பிள்ளைகளை வீட்டில் செபம் கற்கச் சொல்லியிருந்தோம். பின்னர் சோதித்தபோது, பலர் பாட்டிமாரிடம் கற்ற பழைய வடமொழி கலந்த நடையில் செபங்களைக் கடகடவென்று சொன்னார்கள். 'பிதா, சுதன்' என்று ஏழு வயதுப் பிள்ளை வாயில் கேட்டு எத்தனை ஆண்டுகள்! திருத்த மனம் வரவில்லை. இரண்டையும் கற்றுக்கொள்ளச் சொன்னோம்.

திண்ணையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, மறுபக்கத்தை மறைப்பது வரலாறாகாது. அரசு உதவி பெறும் எம் பள்ளியில் ஆசிரியருக்குத் திங்கள்தோறும் ஊதியம் வந்தது. உதவி பெறாத பள்ளிகளில் நிலைமை வேறு. 2020 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம், ஆகஸ்டு இறுதிக்குள் கல்விக் கட்டணத்தில் 40 விழுக்காடு பெற்றுக்கொள்ளலாம் என்று அவற்றுக்கு இடைக்கால இசைவு அளித்தது. பெற்றோரிடம் அதற்கும் பணமில்லை. நம்மவர் நடத்தும் பள்ளிகளிலும் ஆசிரியரின் ஊதியம் பாதியாயிற்று. சில இடங்களில் அதுவும் நின்றது. இயற்பியல் பட்டம் பெற்று மெட்ரிக் பள்ளியில் கற்பித்த ஒருவர், நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரையில் மண் சுமந்ததை நாம் கண்டோம். 'சாமி, இது ஒண்ணும் கேவலம் இல்லை' என்று அவரே எமக்கு ஆறுதல் சொன்னார். கட்டணம் கட்டாத பிள்ளையைப் பாடக் குழுவிலிருந்து நீக்கிய பள்ளியும் உண்டு. அவ்விவரத்தை எம்மிடம் சொல்லி அழுத தாய், அப்பள்ளியின் வாயிலில் இருந்த மாதா கெபியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். இதற்குமேல் அதைப்பற்றி எழுத எமக்கு வாயில்லை. வசதியுள்ளோர்க்கும் இல்லாதோர்க்கும் இடையே கல்வியில் திறந்த பிளவைக் கண்டு, சிலர் 'கல்விப் பேரழிவு' என்று சொல்லத் தொடங்கியிருப்பதை 2020 அக்டோபர் 15 அன்று திருத்தந்தை எடுத்துக் காட்டியபோது, அது எங்கோ தொலைதூரத்து நாடுகளைப் பற்றியது என்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

2021 வந்தது. சனவரியில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளும், பிப்ரவரியில் ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளும் திறந்தன. சிறியவர்களுக்குத் திறக்கவில்லை. மார்ச்சில் மீண்டும் மூடல் தொடங்கிற்று. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. அந்த மே மாதத்தில் நாம் கல்லறைத் தோட்டத்துக்கும் கோவிலுக்குமாக நடந்ததைத் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை. திண்ணைகள் காலியாயின. தாய்தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் ஐந்து இலட்சம் ரூபாய் வைப்பு வைக்கப்படும் என்று அம்மாத இறுதியில் அரசு அறிவித்தது. அதற்கான படிவத்தை ஒரு பிள்ளைக்காக நிரப்புவதற்குச் சகோதரியும் நாமும் ஒரு மாலைப் பொழுது முழுவதும் எடுத்துக்கொண்டோம்.

அவ்வாண்டு ஆகஸ்டில் பொருளியல் அறிஞர் சான் த்ரேசு முதலானோர் முன்நின்று, பதினைந்து மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏழை எளிய குடும்பங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சிற்றூர்ப் பிள்ளைகளில் இணையவழியே ஒழுங்காகப் படித்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். எதையுமே படிக்காதவர்கள் முப்பத்தேழு பேர். எம் அறிக்கையில் 'தடையின்றி' என்று எழுதிய அந்த வரி, இதைப் படித்தபோது எம்மைப் பார்த்துச் சிரித்தது.

அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மாலை ஐந்து முதல் ஏழு வரை, ஒன்று முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு, இருபது பேருக்கு ஒரு தன்னார்வலர், திங்களுக்கு ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அது எம் பகுதிக்கும் வந்தபோது, வலை உலர்த்தும் இடத்துத் திண்ணைப் பெண் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். அவள் தாய் இம்முறை எம்மிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "அரசாங்கமே சொல்லிட்டுது சாமி" என்றார். நாம் அதற்கு ஒன்றும் விடை சொல்லாமல் காப்பியைக் குடித்தோம்.

நவம்பர் முதல் நாள் பள்ளி திறந்தது. வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். முழங்காலுக்கு மேலேறிய சீருடையோடு பிள்ளைகள் வந்தார்கள். 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை நேரே மூன்றாம் வகுப்பில் வந்து அமர்ந்தது; இடையில் ஒரு வகுப்பை அது கண்ணாலும் காணவில்லை. இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 2018இல் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேராக இருந்து, 2022இல் ஐந்தாகக் குறைந்ததாக 'ஏசர்' அறிக்கை கூறிற்று. பத்தே குறைவு என்பதை அது வந்தபோது எவரும் பேசவில்லை. திண்ணைப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டவாவது அறிந்திருந்தார்கள். திண்ணையும் வாய்க்காத மேற்குத் தெருப் பிள்ளைகளுக்கு, எட்டாம் வகுப்பு ஆசிரியை அகரத்திலிருந்து தொடங்கினார். மதிய இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் கற்பித்தார், சிறிய வகுப்புப் பிள்ளைகள் பார்த்து நகைக்கக் கூடாது என்பதற்காக. ஓராண்டுக்கு மேல் அவ்வாறு செய்தார்.

திரும்பி வராதவர்கள் மூவர். ஒருவன் குடும்பத்தோடு வேறூர் போய்ச் சேர்ந்தான் என்று தெரிந்தது. ஒரு சிறுமி தொலைவில் உறவினர் வீட்டுக்குக் குழந்தை பார்க்க அனுப்பப்பட்டிருந்தாள்; சகோதரி நான்கு முறை பேருந்தேறிச் சென்று அழைத்து வந்துவிட்டார். மூன்றாமவன் வள்ளத்தில் ஏறிவிட்டான். 2020 மார்ச்சு 16 அன்று நீல மைக்குறி பெற்ற அதே ஆறாம் வகுப்புப் பையன். அவன் வீட்டுக்கு நாம் இருமுறை சென்றோம். தகப்பனுக்கு முதுகு போய்விட்டது. இவன் கொண்டு வருவதே வீட்டில் எரியும் அடுப்பு. மூன்றாம் முறை நாம் போகவில்லை. பிறகு எமக்கு மாற்றல் வந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பதிவேட்டில் அவன் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு விழுந்தது.

இவ்வளவையும் பேசி முடித்தபோது, "இந்த வெற்றுக் கட்டங்களில் என்ன எழுத, ஃபாதர்? அடுத்து வருகிறவரிடம் ஒப்படைக்க வேண்டும்" என்று சகோதரி கேட்டார். விடுமுறை என்று எழுதுவதா, வராதோர் என்று எழுதுவதா? அப்படியே இருக்கட்டும் சிஸ்டர் என்றோம்.

திருவிழாவின் ஒன்பதாம் நாள் இரவு, சப்பரம் தூக்கிய இளைஞர்களுள் அவன் இருந்தான். ஆளே மாறியிருந்தான், நாம் அடையாளம் காணவில்லை, அவன்தான் வந்து கையைப் பிடித்தான். தோள்பட்டை சிவந்து கன்றிப் போயிருந்தது. எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாமாமே, உண்மைதானா சாமி என்று கேட்டான். எட்டு முடித்தால் பின்னர் பத்தும் எழுதலாம், படகில் இயந்திரம் பார்க்கிற படிப்புக்குப் போகலாம் என்று எவரோ சொல்லியிருக்கிறார்கள். சகோதரியிடம் அழைத்துச் சென்றோம். அவர் அவன் பெயரைச் சொல்லி, முன்பு எந்தப் பெஞ்சில் உட்காருவான் என்பதையும் சொன்னார். விண்ணப்பம் வாங்கி வைப்பதாகவும், கணக்குக்குத் தாமே உட்காருவதாகவும், தமிழுக்கு அந்தத் திண்ணைப் பெண்ணைக் கேட்பதாகவும் சொல்லியிருக்கிறார். அவள் இப்போது மணமாகி அதே தெருவில்தான் இருக்கிறாள். நேரம்தான் இன்னும் ஒத்துவரவில்லை. வள்ளம் கரையேறும் வேளை நாளுக்கு நாள் மாறுகிறது.